பூச்சியமாக்கிகள்: எண்ணிக்கையும் வகையும்

ஒரு பல்லுறுப்புக்கோவையின் மதிப்பைப் பூச்சியமாக்கும் எண், அதன் பூச்சியமாக்கி எனப்படும். அவ்வெண்ணைக் கண்டறியும் முன்னரே, அத்தகைய எண்கள் எத்தனை, அவை எவ்வகையின என்று கூற இயலுமா? இவ்வினா கணித அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது.

இத்தாலியைச் சேர்ந்த கார்டானோ 1545ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்ஸ் மாக்னா’ என்னும் நூலில், முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வாய்பாடு இடம்பெற்றது. தெரியாத எண்ணை ‘ய’ எனக் கொண்டு, ய³ = 15ய + 4 என்னும் சமன்பாட்டை நோக்குக. ய = 4 எனில் இருபுறமும் 64; எனவே 4 ஒரு தீர்வு. ஆனால் வாய்பாடு தருவதோ, 2 + √−121, 2 − √−121 ஆகிய இரண்டின் கனமூலங்களின் கூடுதல்! குறை எண்ணுக்கு ஏது வர்க்கமூலம்? விடை கண்முன் நிற்க, அதற்குச் செல்லும் வழி இல்லாத எண்களினூடே சென்றது. சதுப்பு நிலங்களின் நீரை வடிக்கும் பணியில் ஈடுபட்ட பொறியாளர் பொம்பெல்லி, 1572இல் வெளிவந்த தம் நூலில் இம்முடிச்சை அவிழ்த்தார். 2 + √−1 என்பதன் கனம் 2 + √−121 ஆகும். 2 − √−1 என்பதன் கனம் 2 − √−121 ஆகும். அவ்விரு கனமூலங்களையும் கூட்டக் கிடைப்பது 4.

இனி, ய³ − 15ய − 4 என்னும் கோவையின் எஞ்சிய பூச்சியமாக்கிகளைத் தேடுவோம். டெகார்ட்டே 1637இல் எடுத்துரைத்த குறி விதி இங்குத் துணைபுரியும். உறுப்புகளின் குறிகள் முறையே +, −, −. குறி ஒருமுறையே மாறுவதால் மிகைப் பூச்சியமாக்கி ஒன்றே, அது 4. ‘ய’ இருக்குமிடத்தில் ‘−ய’ எனப் பிரதியிட்டால் குறிகள் −, +, − ஆகும். மாற்றங்கள் இரண்டு, ஆகவே குறைப் பூச்சியமாக்கிகள் இரண்டு இருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாதிருக்கலாம். விதி இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. மேற்கொண்டு நாமே சோதிக்க வேண்டும். ய = −4 எனில் கோவையின் மதிப்பு −8; ய = −1 எனில் 10; ய = 0 எனில் −4. மதிப்பின் குறி இருமுறை மாறுவதால் குறைப் பூச்சியமாக்கிகள் இரண்டும் உள்ளன. கோவையை (ய − 4) ஆல் வகுத்தால் ய² + 4ய + 1 கிடைக்கும். அவ்விரண்டும் −2 + √3, −2 − √3 என்னும் விகிதமுறா எண்கள். மூன்றும் மெய்யெண்களாக இருந்தும் வாய்பாடு கற்பனை எண்ணை நாடியது என்பதே வியப்பு.

ஒரே ஒரு குறியை மாற்றி ய³ + 15ய − 4 என எழுதுக. மிகைப் பூச்சியமாக்கி ஒன்று உண்டு. ‘−ய’ எனப் பிரதியிட்டால் குறிகள் யாவும் − ஆதலின் குறைப் பூச்சியமாக்கி இல்லை. 0உம் பூச்சியமாக்கி அன்று. எனில் மற்ற இரண்டு எங்கே? படி மூன்று எனில் பூச்சியமாக்கிகளும், கலப்பெண்களையும் சேர்த்து எண்ண, மூன்றே. இவ்வடிப்படைத் தேற்றத்துக்குக் காஸ் 1799இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நிறுவல் அளித்தார். அதில் ஓர் இடைவெளி இருந்ததைப் பிற்காலத்தார் சுட்டினர். எனவே எஞ்சிய இரண்டும் கலப்பெண்கள், ஒன்றுக்கொன்று இணை. கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தால் கலப்பெண் பூச்சியமாக்கிகள் இணையிணையாக வரும். மாணவர் பெரிதும் மறப்பது இந்நிபந்தனையையே. ய − √−1 என்னும் கோவைக்கு இணையில்லாத ஒரே பூச்சியமாக்கி இருத்தல் காண்க.

எண்ணும்போது மற்றொரு கவனமும் தேவை. ய³ − 3ய² + 4 என்பது (ய − 2)²(ய + 1) ஆகும். இங்கு 2 இருமுறை எண்ணப்படும். வரைபடம் −1இல் கிடையச்சைக் கடந்து செல்லும். 2இல் தொட்டுவிட்டுத் திரும்பும்.

ய⁴ + 3ய² − 4 என்னும் கோவையின் பூச்சியமாக்கிகளைக் காணாமலேயே, அவற்றுள் மெய்யெண்கள் எத்தனை, கலப்பெண்கள் எத்தனை எனக் கூறுக. பின்னர்க் காரணிப்படுத்திச் சரிபார்க்க.