பக்கத்தில் விளைந்ததை அறிந்து உண்போம்

மூத்த குடிமக்களுக்கான உணவுப் பாடம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, பக்கத்தில் விளைந்ததைச் சாப்பிடுவது புதிய பாடம் அல்ல. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ், கிம்மாஸ் என எந்தப் பக்கம் போனாலும், லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம், ஒரு கறிவேப்பிலைச் செடி, இரண்டு பாத்திக் கீரை என்று ஏதாவது இருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது, தோட்ட மக்களின் பசியை ஆற்றியது மரவள்ளிக்கிழங்கு. 1974-இல் துன் அப்துல் ரசாக் காலத்து அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி நடும்படி நாட்டு மக்கள் எல்லாரையும் கேட்டுக்கொண்டது.

பிறகு காலம் மாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பலர் கொல்லை இல்லாத அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொல்லையோடு கீரையும் போனது. அந்த இடத்தில் உடனடி மீயும் டின் மீனும் இனிப்புப் பானமும் வந்தன.

இதன் விலையை நம் உடம்பு கொடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு (இனிப்புநீர்) இருந்தது. இந்தியர்களிடையே இது சுமார் 31 விழுக்காடாக இருந்தது, அதாவது பத்துப் பேரில் மூவர். அதே ஆய்வில், 100 பேரில் 95 பேர் போதுமான அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை என்று தெரியவந்தது. இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

1. உள்ளூர் உணவால் என்ன நன்மை?

பறித்த கீரையில் உள்ள சத்து நாள்பட நாள்படக் குறைகிறது. வைட்டமின் சி இதில் முதலில் போகும். காலையில் பறித்து மதியம் சமைக்கும் தண்டுக்கீரைக்கும், பல நாள் லாரியிலும் குளிர்பெட்டியிலும் இருந்து வந்த கீரைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

விலையும் ஒரு காரணம். 2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியையும் தடைசெய்தது. 2024 மே மாதம்தான் அந்தத் தடை நீங்கியது. எங்கோ மழை பொய்த்தால் நம் சமையலறையில் செலவு கூடுகிறது. வெங்காயத்தையும் பருப்பையும் நாம் இறக்குமதி செய்துதான் ஆகவேண்டும். ஆனால் வெண்டை, கத்தரி, பயிற்றங்காய், பீர்க்கு, புடல், பாகல், பூசணி, முருங்கை, கங்கோங், பசலை ஆகியவை நம் மாநிலத்து வெயிலிலும் மழையிலும் நன்றாக விளைபவை. இவற்றை வாங்கும்போது பணம் பக்கத்து ஊர் விவசாயியின் கையில் சேர்கிறது. அவர் தொடர்ந்து பயிர் செய்தால்தான் அடுத்த ஆண்டும் நமக்குக் காய்கறி கிடைக்கும்.

2. எங்கே வாங்குவது? என்ன கேட்பது?

பாசார் தானி எனப்படும் உழவர் சந்தையை ஃபாமா நிறுவனம் 1985-இலிருந்து நடத்தி வருகிறது. விளைவித்தவரே நேரில் விற்பதுதான் இதன் நோக்கம். சந்தை கூடும் நாளும் இடமும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கார் உள்ள ஒருவருடன் நான்கு வீட்டார் சேர்ந்து போனால் போக்குவரத்துச் செலவும் குறையும்.

விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

• இது எந்த ஊரில் விளைந்தது?
• எப்போது பறித்தீர்கள்?
• கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று?

மூன்றாவது கேள்வி மிக முக்கியம். ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும், அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. ஒழுங்காகப் பயிர் செய்பவர் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார். இலையில் பூச்சி ஓட்டை இருப்பதை மட்டும் வைத்து மருந்து அடிக்காத கீரை என்று முடிவுசெய்ய முடியாது.

பொட்டலத்தில் வாங்கினால் ஒட்டுத்தாளைப் படியுங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ‘மைகெப்’ முத்திரை இருந்தால், மண்ணையும் நீரையும் மருந்தையும் முறைப்படி கையாளும் பண்ணையில் விளைந்தது என்று பொருள். ‘மைஓர்கானிக்’ முத்திரை இயற்கை விவசாயத்துக்கு உரியது. இரண்டையும் விவசாய இலாகா வழங்குகிறது. முத்திரை இல்லாத சிறு விவசாயிகளும் பலர் உண்டு. அவர்களிடம் மேலே சொன்ன மூன்று கேள்விகளே போதும்.

3. செம்பனை ஓரத்துக் கீரை: கவனம்!

மணத்தக்காளி, வல்லாரை, பாக்குக் கீரை போன்றவற்றைத் தோட்டத்து ஓரத்தில் பறிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. செம்பனை வரிசைகளிலும் அறுவடைப் பாதைகளிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்த உடனே இலை வாடாது. பார்க்கப் பசுமையாகவே இருக்கும். அந்த இடங்களிலும் அவற்றிலிருந்து நீர் வடியும் கால்வாய் ஓரங்களிலும் கீரை பறிக்காதீர்கள். கழுவினாலும் செடிக்குள் இறங்கிய மருந்து போகாது.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் களைக்கொல்லிக்கு முழுத் தடை உள்ளது. வீட்டின் பின்புறத்தில் பழைய டப்பா எதுவும் மீந்திருந்தால், திறக்கவோ வேறு புட்டியில் ஊற்றவோ வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்திடம் தெரிவியுங்கள்.

மருந்து இருந்த காலி டப்பாவில் தண்ணீர் பிடிப்பது, செடி வைப்பது, அரிசி போட்டு வைப்பது ஆகியவை கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கு ஆகாது.

4. வீட்டிலேயே நான்கு செடி

நிலம் இல்லாவிட்டாலும் நான்கு தொட்டி வைக்கலாம். தண்டுக்கீரையும் கங்கோங்கும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பொன்னாங்கண்ணி ஆகியவையும் தொட்டியில் வளரும். சமையலறைக் கழிவை மட்கவைத்தால் நல்ல உரம். சேர்ந்து பயிர் செய்ய விரும்பும் குடியிருப்பினர், சமூகத் தோட்டம் பற்றி விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும் என்பதால், வாரம் ஒரு முறை தவறாமல் தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அடுத்து, நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் மண்ணில் இறங்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. மூடிய காலணி அணியுங்கள்; வேலை முடிந்ததும் பாதத்தைக் கழுவி, அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள்.

5. தட்டில் எவ்வளவு?

சுகாதார அமைச்சு சொல்லும் ‘கால், கால், பாதி’ முறையைப் பின்பற்றுங்கள். தட்டில் ஒரு கால் பங்கு சோறு. ஒரு கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. மீதிப் பாதி காய்கறியும் பழமும்.

மரவள்ளி, சேம்பு, சர்க்கரைவள்ளி ஆகியவை காய்கறிப் பங்கில் சேரா. அவை மாவுச்சத்து, சோற்றுக்குப் பதிலாக உண்ண வேண்டியவை. சோற்றோடு கிழங்கையும் சேர்த்து உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். மரவள்ளியைத் தோல் உரித்து நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள்.

மீன் வாங்கும்போது கெம்போங் மீனையும் மத்தியையும் மறக்காதீர்கள். விலை உயர்ந்த மீன்தான் சத்தானது என்பதில்லை. இதயத்துக்கு நல்ல கொழுப்பு இவற்றிலும் நிறைய உண்டு. பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறைக்க வேண்டும்.

6. மருந்து சாப்பிடுபவர்கள் அறிய வேண்டியவை

உள்ளூரில் விளைந்தது என்பதாலேயே எல்லாம் எல்லாருக்கும் ஏற்றது ஆகிவிடாது.

• சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தைச் சாப்பிடவே கூடாது. விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. கீரை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். எவ்வளவு உண்ணலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள்.
• வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு உண்ணுங்கள்.
• செக்கூர் மானிஸ் கீரையைச் சமைத்து உண்ணுங்கள். பச்சையாக அரைத்துக் குடிக்க வேண்டாம். 1990-களில் தைவானில் உடல் இளைப்பதற்காக அந்தச் சாற்றைக் குடித்த பலருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டது.
• முருங்கையும் பாகற்காயும் நல்ல உணவு. ஆனால் அவை மாத்திரைக்கு மாற்று அல்ல. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

7. உங்களிடம் உள்ள அறிவு

எந்தக் கீரை எந்த மண்ணில் வரும், முருங்கைக் கொம்பை எப்படி நடுவது, பீர்க்கு விதையை எப்படிக் காயவைத்துச் சேமிப்பது என்பவை உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ஒரு கைப்பிடி விதையையும் அரை மணி நேரத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள். தானே வளர்த்த வெண்டைக்காயைப் பிள்ளை ஆசையோடு சாப்பிடும்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. நேற்று இரவு நம் தட்டில் காய்கறி பாதி இருந்ததா?
2. இந்த வாரம் வாங்கியவற்றில் எத்தனை நம் நாட்டில் விளைந்தவை?
3. நாம் கீரை பறிக்கும் இடத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்களா? யாரைக் கேட்டு அறியலாம்?
4. வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு உண்டா? அவர் எந்தப் பழத்தைத் தவிர்க்க வேண்டும்?
5. இந்த மாதம் நாம் நடப்போகும் ஒரு செடி எது?

அடுத்த முறை கிளினிக் போகும்போது இந்தக் கையேட்டையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு ஏற்ற உணவு அளவை உணவியல் அதிகாரியிடம் கேட்டு, இதன் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.