லோடு வண்டிக்கு டயரும் சக்கரமும் வாங்குமுன்

சிவகிரி வட்டாரத்தில் எலுமிச்சை, தேங்காய், நெல், காய்கறி என எதுவானாலும் தோட்டத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுபோகும் வேலையை இப்போது சிறிய லோடு வண்டிகளே பெரும்பாலும் செய்கின்றன. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்த பிறகு இந்த மாற்றம் வேகமாக நடந்தது. சிறு விவசாயிகள் பலர் பழைய வண்டியொன்றைத் தனியாகவோ கூட்டாகவோ வாங்கி ஓட்டுகின்றனர். பழைய வண்டி வாங்கியவுடன் வரும் முதல் பெரிய செலவு டயர். அந்தச் சமயத்தில், "கொஞ்சம் அகலமான டயராகப் போடுங்கள், பாரம் தாங்கும், அலாய் வீல் மாட்டினால் வண்டியும் எடுப்பாக இருக்கும்" என்ற யோசனை கடையிலும் பழக்கக்காரர்களிடமும் கிடைக்கும். இந்த யோசனையை ஏற்குமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நலம்.

மாட்டு வண்டிக் காலத்தில் சக்கரம் செய்யச் சொல்லும் விவசாயியிடம் தச்சர் கேட்ட முதல் கேள்வி, என்ன பாரம் ஏற்றுவீர்கள், எந்தத் தடத்தில் ஓட்டுவீர்கள் என்பதுதான். அதற்கேற்பவே குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் அமைந்தன. அதன் பிறகே இரும்புப் பட்டா ஏறியது. இன்றைய லோடு வண்டிக்கும் அதே இரண்டு கேள்விகள்தான். காற்றடைத்த டயரை 1888-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் செய்த டயரிலும் சரி, இன்றைய டயரிலும் சரி, பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்றே. ரப்பரும் நூல் அடுக்குகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மட்டுமே. பை எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் என்பதைப் பொறுத்தே டயரின் சுமை திறன் அமைகிறது. அகலத்தைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது என்ன?

சிறிய லோடு வண்டி டயரில் 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். என்று இருக்கும். 145 என்பது அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்பது ரேடியல். 12 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். எல்.டி. என்பது இலகு ரகச் சரக்கு வண்டிக்கு உரியது என்பதைக் குறிக்கும். 8 பி.ஆர். என்றால் உள்ளே எட்டு அடுக்கு இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது பழைய காலத்துப் பருத்தி நூல் அடுக்குகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் பலக் கணக்கு. அடுக்குகளின் உண்மையான எண்ணிக்கை வேறு.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, அளவுக்குப் பக்கத்தில் 86/84 என்பது போல இருக்கும் சுமை எண். முதல் எண் சக்கரம் ஒற்றையாக இருக்கும்போது, இரண்டாவது எண் பின்னால் இரட்டைச் சக்கரம் மாட்டும்போது. இந்த எண் நேரடியாகக் கிலோ அன்று. அட்டவணைப்படி பார்க்க வேண்டும். 69 என்றால் 325 கிலோ, 80 என்றால் 450, 84 என்றால் 500, 86 என்றால் 530, 90 என்றால் 600, 100 என்றால் 800 கிலோ. ஒரு டயர் உரிய காற்றுடன் தாங்கக்கூடிய அதிகபட்ச பாரம் இது. சுமை எண்ணை அடுத்து வரும் எழுத்து வேகத்தைக் குறிப்பது. நம் வண்டிகள் ஓடும் வேகத்துக்கு அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு கணக்கு

வெறும் எடை 850 கிலோ, பதிவுச் சான்றில் மொத்த எடை 1,600 கிலோ உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டையாக 18 மூட்டை ஏற்றினால் 720 கிலோ. வண்டியோடு சேர்த்து 1,570 கிலோ. இதில் ஐந்தில் மூன்று பங்கு பின் அச்சில் விழுவதாகக் கொண்டால், பின் டயர் ஒன்றுக்குச் சுமார் 470 கிலோ. டயரின் சுமை எண் 86 ஆனால் 530 கிலோ வரை தாங்கும். மிச்சம் 60 கிலோதான்.

இனி அதே வண்டியில் 30 மூட்டை ஏற்றினால் என்ன ஆகிறது? கூடுதலாக ஏறும் 480 கிலோவில் முக்கால் பங்காவது பின்னால்தான் விழும். அப்போது பின் டயர் ஒன்றுக்கு 650 கிலோ ஆகிறது. டயரின் திறனைவிட 120 கிலோ அதிகம். அன்றே வெடித்துவிடாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. உள்ளே நூலடுக்கு ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி மடங்கிச் சூடேறி, ரப்பரிலிருந்து பிரியத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஒருநாள் பாதி பாரத்தோடு போகும்போது கூட வெடிக்கலாம். அப்போது சாலையைக் குறை சொல்வோம்.

கார் டயரை லோடு வண்டிக்குப் போடும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாருதி 800 காருக்கும் ரிம் 12 அங்குலம்தான். டயர் அப்படியே மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் காரின் 145/70 ஆர் 12 டயரில் உள்ள சுமை எண் 69. அதாவது 325 கிலோ. மேலே சொன்ன 18 மூட்டைக்கே அது போதாது. பழைய டயர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இதை வாங்குவது, சாக்குக்குப் பதில் காகிதப் பையில் நெல் பிடிப்பதற்குச் சமம்.

அகல டயர், பெரிய டயர்

டயரின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கு கூடினால் மீட்டர் 40 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 44 கி.மீ. வேகத்தில் ஓடும். இது சிறிய விஷயம். இழுவை பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதே பெரிய விஷயம். வயல் தடத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் அந்தச் சிறு மேட்டில் பாரத்தோடு கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஏற்ற வேண்டி வரும். பிரேக்கும் முன்போல் பிடிக்காது. முன் சக்கரத்தைத் திருப்பும்போது டயர் உள்ளே உரசும்.

அலாய் வீல் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை வேறு. நட்டுத் துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அத்துளைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவும், நடுத்துளையின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது பார்வைக்கு அழகாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் துருத்தல் நெம்புகோல் போல வேலை செய்து, வெயிட் முழுவதையும் பேரிங்கின் ஒரு பக்கத்தில் அழுத்துகிறது. பேரிங் சீக்கிரம் சத்தம் போடுவதற்கும் ஸ்டீயரிங் இழுப்பதற்கும் இதுவே காரணம். இடையில் ஸ்பேசர் வைத்து மாட்டுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

அலாய் வீலின் உட்புறத்தில் அது தாங்கும் அதிகபட்ச பாரம் கிலோவில் பொறிக்கப்பட்டிருக்கும். பொறிப்பு இல்லாததை வாங்கவே கூடாது. பாரத்தோடு பள்ளத்தில் இறங்கினால் இரும்பு டிஸ்க் நெளியும். நெளிந்தது கண்ணுக்குத் தெரியும். அலாய் கீறல் விடும், கீறல் தெரியாது. கீறியதை வெல்டிங் வைத்து ஓட்டுவது பாதுகாப்பாகாது. ஆகவே தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடும் வண்டிக்கு இரும்பு டிஸ்க்கே தகுந்தது. டிஸ்க்கை மாற்றும்போது நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று உள்ளது; இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். அதிக பாரத்துக்கு ரூ.20,000-மும், அதற்கு மேல் டன்னுக்கு ரூ.2,000 வீதமும் அபராதம். ஒரு நடை எலுமிச்சையில் கிடைக்கும் லாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முள்ளும் காற்றும்

இப்பகுதியில் டயருக்குப் பெரிய எதிரி முள். எலுமிச்சைத் தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகள் தடத்திலேயே கிடக்கும். ஓடைக் கரையில் உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும். ட்யூப் டயரில் முள் ஏறினால் காற்று சீக்கிரம் இறங்கிவிடும். டிரைவருக்கு உடனே தெரியும். ட்யூப்லெஸ் டயரில் முள் ஏறிய இடத்திலேயே அடைத்துக்கொண்டு நிற்பதால் காற்று மெல்ல மெல்லக் கசியும். இது வசதிதான், ஆனால் இதிலேயே ஏமாற்றமும் இருக்கிறது. இரண்டு மூன்று முட்கள் சேர்ந்தால் இரவோடு இரவாகக் காற்று பாதியாகிவிடும். பார்வைக்கு டயர் நன்றாகவே தெரியும். அப்படியே பாரம் ஏற்றி ஓட்டினால் பக்கச்சுவர் உள்ளே நைந்து, பிறகு எவ்வளவு காற்று அடித்தாலும் பயனில்லை. எனவே ட்யூப்லெஸ் போடுபவர்கள் ஒரு காற்றளவு மானி சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. ட்யூப் டயருக்கான பழைய டிஸ்க்கில் ட்யூப்லெஸ் டயரை மாட்டக் கூடாது. அதன் விளிம்பு டயரைக் கவ்விப் பிடிக்கும்படி அமைந்ததன்று.

காற்றளவு காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எத்தனை பவுண்டு என்பது, அதாவது பங்கில் சொல்லும் பாயிண்ட், வண்டியின் கையேட்டிலோ கதவோரத் தகட்டிலோ இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறாக இருக்கலாம். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது தவறு. டயரின் இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

டயரின் வயது பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 32-வது வாரம். கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும், வெயிலில் ஆறேழு ஆண்டு கிடந்த டயரில் ரப்பர் இறுகிப் போயிருக்கும்; பக்கச்சுவரை மடக்கிப் பார்த்தால் மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள் தெரியும். பத்து ஆண்டு ஆனதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தேய்மானத்தில் 1.6 மி.மீ. பள்ளமே கடைசி எல்லை. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் கட்டையோடு சமமானால் மாற்றிவிட வேண்டும். கார்த்திகை மழையில் மொட்டை டயர் பிரேக்குக்கு நிற்காது.

கட்டை அமைப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு நேர்கோட்டுப் பள்ளமுள்ள டயர் போதும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் தடத்தில் மழைநாளில் இறங்க வேண்டியவர்கள் பின் சக்கரத்துக்கு மட்டும் லக் கட்டை உள்ளதைப் போடலாம். சத்தமும் டீசலும் சற்றுக் கூடும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று போடுவது பெரும் தவறு. ரீட்ரேடு செய்த டயரை முன் சக்கரத்தில் போடக் கூடாது. பின்னால் போடலாம் என்றாலும், 12 அங்குல டயரில் இதனால் கிடைக்கும் மிச்சம் லாரி டயரைப் போல இருக்காது.

இன்னொன்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை இதே வண்டியின் பின்னால் ஏற்றிச் செல்வது பல ஊர்களில் நடக்கிறது. நின்றுகொண்டிருக்கும் இருபது பேரின் பாரம் மூட்டையைப் போல அடியில் அமராது. வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். அந்நேரம் பின் டயர் ஒன்று வெடித்தால் வண்டி கவிழாமல் நிறுத்துவது எந்த டிரைவருக்கும் கடினம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதைச் சட்டம் தடை செய்கிறது. விபத்தானால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சிக்கலாகிவிடும். எந்த விலையுயர்ந்த டயரும் இதற்குப் பரிகாரமாகாது.

கேரளத்துக்கு எலுமிச்சையும் காய்கறியும் கொண்டுபோகும் வண்டிகள் செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவுக்கு அப்பால் இறங்குகின்றன. இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடாகி, அச்சூடு டிஸ்க் வழியாக டயருக்கும் போகும். தாழ்ந்த கியரிலேயே இறக்க வேண்டும். அத்துடன், புறப்படுமுன் ஸ்டெப்னியை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. நான்கு டயரும் புதிதாகப் போட்ட வண்டியிலும் அது பெரும்பாலும் பழைய அளவில், காற்றில்லாமல், மண் அப்பிக் கிடக்கும்.