பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறிவிட்டதா?

"பாப்பாவுக்கு என்ன பேரு?"

"வீட்ல அம்முன்னு கூப்பிடுவோங்க. சான்றிதழ்ல இன்னும் போடலை."

இந்தப் பதில் உங்கள் வீட்டிலும் உண்டா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பதா, குலதெய்வத்தின் பெயர் வைப்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் பெயர் பிறப்புப் பதிவேட்டில் ஏறினால்தான் பள்ளியிலும் அலுவலகத்திலும் அது செல்லும்.

கால வரம்பு என்ன?

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் தகவல் தருவது மருத்துவமனையின் பொறுப்பு. அப்போது பெயர் முடிவாகவில்லையா? கவலை வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைச் சொன்னால் கட்டணம் கிடையாது. அதன்பின் 15 ஆண்டுகள் வரை காலதாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம்.

எங்கே போக வேண்டும்?

பலரும் அலைவது இங்கேதான். பிறப்பு எங்கே நடந்ததோ, அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிவேடு இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டு ஊரில் நடந்திருந்தால், நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊர் அலுவலகத்தில் தேடிப் பயனில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்?

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை ஆகியவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளியில் சேர்க்கிற அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தால் சிரமப்படுவது பிள்ளைதான்.

விதி தடையா, துணையா?

தந்தை பெயரைச் சொல்ல விரும்பாத தனித்த தாய் என்ன செய்வார்? அவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் கூறியது. 'அப்பா யாரு?' என்று கேட்டு அந்தத் தாயைத் திருப்பி அனுப்ப முடியாது.

திருநர்களுக்கும் வழி உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று பெற்றவர் பிறப்புச் சான்றிதழிலும் தம் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. தாமே தேர்ந்த பெயரோடு வாழ அந்தச் சட்டம் துணை நிற்கிறது.

எழுத்துப் பிழை இருந்தால்?

சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதித் திருத்துவார்கள்.

இன்றைக்கே செய்யுங்கள்

பெட்டியில் இருக்கும் சான்றிதழை எடுங்கள். பிள்ளையின் பெயர் இருக்கிறதா? தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து சரியா? பெற்றோர் பெயர் மற்ற ஆவணங்களோடு ஒத்துப் போகிறதா? மூன்றையும் பாருங்கள். நீங்கள் ஆசையாய் வைத்த பெயரை அரசு ஏட்டிலும் எழுதி வைப்பது உங்கள் உரிமை. அதைத் தள்ளிப் போடாதீர்கள்.