சமச்சீர்த் தாயமும் அதன் பெறுதியும்

திருகோணமலைத் துறைமுகம், கோணேசர் ஆலயம், உப்புவெளி ஆகிய மூன்றிடங்களுக்கும் இடையேயுள்ள நேர்கோட்டுத் தூரங்களை நிரை நிரலாக எழுதுவோமாயின் ஓர் உண்மை புலனாகும். துறைமுகத்திலிருந்து ஆலயத்துக்குள்ள தூரமும் ஆலயத்திலிருந்து துறைமுகத்துக்குள்ள தூரமும் ஒன்றே. எனவே மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒரே எண்கள் நிற்கும். இத்தகைய அமைப்பையே சமச்சீர்த் தாயம் என்பர்.

உயர்தர வகுப்பில் வகையீடு பயின்ற மாணவரும் இத்தாயத்தின் சார்பொன்றை வகையிடப் புகும்போது ஓரிடத்தில் இடறுவதுண்டு. அதனை ஈண்டு விளக்க முயல்வோம்.

முதல் நிரையில் 3, 1 என்பனவும் இரண்டாம் நிரையில் 1, 2 என்பனவும் உள்ள தாயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் துணிகோவை, 6இலிருந்து 1ஐக் கழிக்க வரும் 5 ஆகும். முதல் நிரையிலுள்ள 1ஐ மாத்திரம் 1.1 ஆக்கினால் துணிகோவை 4.9, குறைவு 0.1. ஆயின், தாயம் சமச்சீரை இழந்துவிடுகின்றது. அதனைக் காக்க வேண்டின் இரண்டாம் நிரையின் 1ஐயும் உடன் மாற்றல் வேண்டும். அப்போது துணிகோவை 4.79, குறைவு 0.21, ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே, ஓரிடத்துக்குரிய பெறுதி −1. ஈரிடத்திலும் நிற்கும் ஒரே மாறிக்குரிய பெறுதி −2.

இந்த −2ஐ ஈரிடங்களிலும் எழுதி, அவ்வவ்விட மாற்றத்தாற் பெருக்கிக் கூட்டினால் 0.4 குறையும் என்ற பிழையான விடை வரும். ஒரே மாறியை இருமுறை எண்ணியதன் விளைவு இது. தாய வடிவில் எழுதும்போது ஈரிடத்திலும் −1 எழுதுவதே முறையாகும்.

இப்பிழை எளிதில் அகப்படுவதன்று. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை நிறுவிய மகாலனோபிஸ் 1936இல் வெளியிட்ட தூர அளவு, சமச்சீர்த் தாயமொன்றின் நேர்மாறைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. அத்தாயத்தைத் தரவுகளிலிருந்து மதிப்பிடுவோர் உரிய சார்பின் பெறுதியைப் பூச்சியமாக்கி உச்சத்தைக் காண்பர். பூச்சியத்தின் இருமடங்கும் பூச்சியமே, பிழை மறைந்துவிடுகின்றது. ஆனால், கணினியிற் படிப்படியாக உச்சத்தை நோக்கி நகரும் முறையில் மூலைவிட்டத்துக்குப் புறம்பான மூலகங்கள் உரிய அளவினும் இருமடங்கு நகர்ந்து, மிகச் செங்குத்தான ஏற்றத்தின் திசை தவறிவிடும்.

விடை சரியாயிற்று என்பதனால் வழியும் சரியெனக் கொள்ளலாகாது. எமது மாணவர் சூத்திரத்தை எழுதுமுன், தனித்து மாறுவன எத்தனை என எண்ணிப் பார்ப்பாராக. நாம் முதலிற் கூறிய அட்டவணையில் எண்கள் ஒன்பது. அளந்தறிய வேண்டிய தூரங்களோ மூன்றே.