கரும்புகை வந்தாலே நாசில் போச்சா?

ஏற்காடு ஒண்டிக்கடையில் கால் மணி நேரம் நின்றால் பழைய டாட்டா 407 ஒன்றாவது கரும்புகை கக்கிக்கொண்டு கடந்துபோகும். செங்கல்லோ சிமெண்டோ ஏற்றி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முனகி ஏறி வந்த வண்டியாக இருக்கும். டீ கிளாஸும் கையுமாக நிற்கிற ஒருவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "நாசில் போச்சுங்ணா, செட்டா மாத்திடுங்க." டிரைவரும் அடுத்த வாரம் சேலத்துக்கு இறங்கிப் புது செட் போட்டு வருவார். பணம் போயிருக்கும், புகை போயிருக்காது.

நாசில் தேயாது என்று நான் சொல்ல வரவில்லை. தேயும்; தேய்ந்தால் பிஸ்டனையே ஓட்டை போடுகிற அளவுக்குக் கெடுதல் செய்யும். ஆனால் புகையின் நிறத்தை மட்டும் பார்த்து மாற்றுகிற பழக்கம் இருக்கிறதே, அது மெக்கானிக் வேலையில் சேராது, ஜோசியத்தில்தான் சேரும். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடித்து, அந்த நாசிலைக் கழற்றி டெஸ்டரில் வைத்துப் பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும். இங்கே பேசுவதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டிகளைப் பற்றி: 407, 1210, லேலண்ட் காமெட் போன்றவை. காமன் ரயில் வண்டிகளின் கணக்கே வேறு.

கரும்புகையை முதலில் எடுத்துக்கொள்வோம், மலையில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே கன அளவு காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் அந்தக் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. பழைய இன்லைன் பம்புக்கு இது தெரியாது. மிதியை முழுக்க அழுத்தினால் சேலத்தில் எவ்வளவு டீசல் கொடுத்ததோ அவ்வளவையே ஏற்காட்டிலும் கொடுக்கும். எரியக் காற்று போதாத டீசல்தான் கரியாக வெளியே வருகிறது. இதோடு ஓவர்லோடு, தூசி அடைத்த ஏர் ஃபில்டர், ஆக்சிலேட்டரைத் தரையோடு ஒட்டவைத்துவிட்டு கியர் குறைக்காமல் இழுக்கிற கால் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தம் புது நாசில் போட்ட வண்டியும் பதினைந்தாவது வளைவில் புகைக்கத்தான் செய்யும்.

அப்படியானால் நாசில் புகையை எப்படிப் பிரித்தறிவது? காலி வண்டியிலும், சமவெளியிலும், ஐடிலிலும் கோளாறு தெரிய வேண்டும். ஐடிலில் மிஸ்ஸிங் அடிப்பது, ஒரே சிலிண்டரில் 'டக் டக்' என்று தட்டுவது, சூடான எஞ்சினும் ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பது, ஆயில் குச்சியில் மட்டம் ஏறுவது. இவற்றில் குறைந்தது இரண்டு புகையோடு சேர்ந்து வந்தால் நாசில் மேல் சந்தேகப்படலாம். ஏற்றத்தில் மட்டும் கறுப்பு என்றால் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

"காலையில வெள்ளைப் புகை வருது, நாசில் ஒழுகுது" என்பது மார்கழியில் தவறாமல் கேட்கிற புகார். ஏற்காட்டுப் பனியில் விடிய விடிய நின்ற எஞ்சினில், அழுத்தப்பட்ட காற்று டீசலைப் பற்றவைக்கும் சூட்டுக்கு வரச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை எரியாத டீசல் ஆவிதான் வெள்ளையாக வரும். எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். சூடான பிறகும் தொடர்ந்தால் நாசிலைப் போலவே கம்ப்ரஷனையும் பம்ப் டைமிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது பாதி உண்மையான ஒரு நம்பிக்கை. பாதி உண்மை என்பதாலேயே ஆபத்தானது: "பைப்பை லூஸ் பண்ணினா எந்த நாசில்னு தெரிஞ்சுடும்." எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு டெலிவரி பைப்பின் நட்டையும் ஒரு சுற்று தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் தடுமாறும். ஏற்கெனவே செத்துக் கிடக்கும் சிலிண்டர் என்றால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. இதுவரை சரி. ஆனால் இந்தச் சோதனை சொல்வது எந்த சிலிண்டர் என்பதை மட்டுமே. நாசிலா, வால்வா, ரிங்கா, பம்ப் எலிமென்ட்டா என்பதை அது சொல்லாது. தட்டும் சத்தத்துக்கும் இதே கதைதான். பைப்பைத் தளர்த்தியதும் தட்டல் நின்றால் "பார்த்தீங்களா, நாசில்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த சிலிண்டரில் எரிதல் நின்றால் தேய்ந்த கனெக்டிங் ராட் பேரிங்கின் மேல் விழுகிற சுமையும் குறைந்து, அதன் சத்தமும் அடங்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சந்தேகப்பட்ட நாசிலைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் பக்கத்து சிலிண்டரில் மாட்டுங்கள். அங்கிருந்ததை இங்கே போடுங்கள். கோளாறு நாசிலோடு இடம் மாறினால் குற்றவாளி நாசில். பழைய சிலிண்டரிலேயே தங்கிவிட்டால் நாசிலை விட்டுவிட்டு கம்ப்ரஷனைப் பாருங்கள், பம்பில் அந்த எலிமென்ட்டையும் டெலிவரி வால்வையும் பாருங்கள். டெலிவரி வால்வு தேய்ந்தால் ஒவ்வொரு பீச்சலுக்குப் பிறகும் பைப்பில் அழுத்தம் சட்டென்று இறங்காது. அதனால் நல்ல நாசிலும் சொட்டும். பாவம் அந்த நாசில், அடுத்தவர் குற்றத்துக்கு அது தண்டனை அனுபவிக்கிறது.

இனி டெஸ்டர். பம்ப் கடையில் கை நெம்புகோல் வைத்த ஒரு சின்ன இயந்திரமும் அதன் மேல் பிரஷர் கேஜும் இருக்கும். நாசிலை ஹோல்டரோடு அதில் மாட்டி நெம்புகோலை அழுத்துவார்கள். கேஜ் முள் மெல்ல ஏறி, ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும் புள்ளியில் 'கர்ர்ர்' என்று ஒரு அதிர்வுச் சத்தத்தோடு டீசல் பீச்சும். இந்தத் தலைமுறை லாரி எஞ்சின்களில் பொதுவாக 200 பார் ஒட்டிய அழுத்தத்தில் ஊசி தூக்கும். சரியான எண் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், அதை மேனுவலில்தான் பார்க்க வேண்டும். "பூ மாதிரி பீச்சுது, நல்லாருக்கு" என்று அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பீச்சல் நான்கு சோதனைகளில் ஒன்றுதான். எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே மாதிரி வருகிறதா, சரியான அழுத்தத்தில் திறக்கிறதா, அந்தச் சத்தம் சுத்தமாகக் கேட்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே கேஜை 10 விநாடி நிறுத்திவைத்து நுனியைக் கவனிக்க வேண்டும். நுனி காய்ந்தே இருக்க வேண்டும். ஒரு சொட்டு திரண்டு விழுந்தாலும் ஊசியின் இருக்கை தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தச் சொட்டுதான் பிஸ்டன் தலையில் எரிந்து கரி கட்டும், சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும்.

பீச்சலுக்கு முன்னால் கையை நீட்டிப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 200 பார் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளி மட்டும் தெரியும், ஆரம்பத்தில் வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லி, அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்ட வேண்டிய அவசரம் அது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் விரலே போகலாம்.

"ஊசியை எடுத்து எமரியில தேச்சா புதுசு மாதிரி ஆயிடும்." ஆகாது. ஊசிக்கும் அதன் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். இரண்டையும் ஜோடியாகவே இழைத்து அனுப்புகிறார்கள். ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றில் போடக்கூடாது என்பதும் இதனால்தான். ஆறு நாசிலையும் ஒரே தட்டில் கொட்டிக் கழுவுகிற கடையைக் கண்டால் அப்படியே திரும்பிவிடலாம். வெளிப்புறக் கரிக்குப் பித்தளை பிரஷ் போதும். இரும்புக் கம்பியைத் துளைக்குள் விட்டால் துளை அகலும், பீச்சல் ஒரு பக்கம் சாயும்.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் பெரும்பாலும் ஹோல்டரை மாற்றத் தேவையில்லை. உள்ளே உள்ள நாசிலை மட்டும் மாற்றி, ஷிம் வைத்தோ ஸ்க்ரூவைத் திருப்பியோ அழுத்தத்தை அமைத்தால் போதும். கடைக்காரரிடம் "மைக்கோ நாசில் கொடுங்க" என்று கேட்பது நம் வழக்கம். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியும் அந்த வழக்கம் விடவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பழைய நாசிலின் உடம்பில் பொறித்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். டிஎல்எல்ஏ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண் பீச்சல் விரியும் கோணத்தைக் குறிக்கிறது. 150 என்று இருந்த இடத்தில் 140 போட்டாலும் மரை பொருந்தும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் டீசல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. "பொருந்துச்சுன்னா சரி" என்ற நம்பிக்கை இங்கே அடிபடுகிறது.

ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? எல்லாம் ஒரே நாளில் போட்டவை, ஒரே அளவு ஓடியவை, ஒன்று தேய்மானத்தால் போயிருக்கிறது என்றால் மற்றவையும் வரிசையில்தான் நிற்கின்றன. செட்டாக மாற்றுவது நியாயம். தூசியோ தண்ணீரோ போய் ஒன்று மட்டும் சிக்கியிருந்தால் ஒன்றே போதும். எப்படியானாலும் எல்லாவற்றையும் டெஸ்டரில் வைத்து ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். அழுத்தத்தை ஏற்றி வைத்தால் மைலேஜ் கூடும் என்று சிலர் கேட்டு வாங்குகிறார்கள். ஏற்றினால் பீச்சல் தாமதமாகும், அளவு குறையும், பம்பின் மேல் சுமை கூடும். மேனுவல் சொல்வதைத் தாண்டினால் லாபம் பம்ப் கடைக்குத்தான்.

மாட்டும்போது பார்க்க வேண்டியது ஒரு செப்பு வாஷர். பழைய வாஷர் பல நேரம் ஹெட்டின் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் அதன் மேலேயே புதியதை வைத்தால் நாசில் நுனி அந்த அளவுக்கு மேலே ஏறிவிடும், பீச்சல் ஹெட்டின் விளிம்பில் அடிக்கும். வாஷரே சரியாக உட்காராவிட்டால் 'சுக் சுக்' என்று காற்று கசியும், நாசிலைச் சுற்றிக் கரி படியும். புது நாசில் போட்டும் இழுவை இல்லை என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் குழியைத்தான்.

மண்ணெண்ணெய் கலந்தால் நாசில் சுத்தமாகும் என்பதும் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றினால் வழவழப்பு வரும் என்பதும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஊசிக்கும் பம்ப் பிளஞ்சருக்கும் டீசல்தான் உயவு எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. பழைய ஆயிலில் இருப்பதோ கரியும் உலோகத் துகளும். "பிஎஸ்-6 டீசல் பழைய வண்டியைத் தின்னுடுது" என்ற பயத்துக்கும் அடிப்படை கொஞ்சம்தான். கந்தகத்தை எடுக்கும்போது வழவழப்பு குறைவது உண்மை. ஆனால் டீசலுக்கான இந்தியத் தர நிர்ணயத்திலேயே வழவழப்புக்கு வரம்பு இருக்கிறது. அதற்கான சேர்மானத்தைக் கலந்தே பெட்ரோல் பங்க்குக்கு அனுப்புகிறார்கள். மலையில் நாசிலுக்கு உண்மையான எதிரி தண்ணீர். பனி இரவுகளில் பாதி காலியான டேங்கின் உள்சுவரில் ஈரம் வியர்த்து இறங்கும். எஸ்டேட் வண்டிகள் மாலையிலேயே டேங்க்கை நிரப்பி நிறுத்துவதும், ஃபில்டர் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை விடுவதும் எந்தச் சேர்மானத்தையும்விட நாசிலைக் காப்பாற்றும்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், அதுவும் பம்ப் சம்பந்தப்பட்டதுதான். காபி மூட்டையோ சில்வர் ஓக் மரமோ ஏற்றி இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. கியரில் வைத்துக் காலை எடுத்தால் கவர்னர் பம்பின் ராக்கை இழுத்து டீசலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓட டீசல் செலவாகும், அதற்கு மேல் பிரேக்கும் காய்ந்து போகும்.

வேலை முடிந்து ஏர் எடுத்து, எல்லா நட்டும் கசியாமல் இருக்கிறதா என்று பார்த்து, வண்டி நன்றாக இழுக்கிறது என்று சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறார்கள். சொட்டிய நாசில் இத்தனை நாள் இறக்கிய டீசல் இன்னும் ஆயில் சம்ப்பில்தான் இருக்கிறது. நாசில் மாற்றிய அன்றே எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.