மறைந்தவரின் லேப்டாப்பை ரீசெட் செய்யும் முன்: 16 குறிப்புகள்

வீட்டில் ஒருவர் மறைந்து, காரியங்கள் முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, அவர் வைத்திருந்த பொருள்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை தொடங்கும். கைக்கடிகாரம், ஸ்கூட்டர் என்று போகும் அந்த வரிசையில் இப்போது லேப்டாப்பும் சேர்ந்துவிட்டது. "காலேஜ் போற பிள்ளைக்கு ஆகும், ஃபார்மேட் பண்ணிக் கொடுத்துடுங்க" என்று யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ரீசெட் செய்ய ஓரிரு மணி நேரம் போதும். அதில் அழிந்ததைத் திரும்பப் பெறுவது அநேகமாக முடியாது. அந்தப் பெட்டிக்குள் குடும்பப் படங்கள் மட்டுமல்ல, வங்கி, வரி, காப்பீடு, சொத்து சம்பந்தமான தாள்களும் இருக்கும். ஆகவே ரீசெட்டைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் லேப்டாப் என்பதால் அதற்கே முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

1. லேப்டாப் யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

அடிப்பக்கத்தில் கம்பெனியின் ஸ்டிக்கரோ சொத்து எண்ணோ ஒட்டியிருந்தால் அது அலுவலகத்துடையது. அதை ரீசெட் செய்ய நமக்கு உரிமை இல்லை. அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, சொந்தப் படங்களையும் தாள்களையும் எடுத்துத் தரும்படி எழுத்தில் கேட்டு, பெட்டியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

2. எல்லா வாரிசுகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்

அம்மா, அண்ணன், தங்கை என்று உரியவர்கள் எல்லோரிடமும், "இதில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒருவருக்குக் கல்யாண ஆல்பம் வேண்டியிருக்கும். இன்னொருவருக்கு வீட்டுக் கடன் கணக்கு தேவைப்படும். வாரிசுச் சான்றிதழ், வங்கி, காப்பீடு வேலைகள் முடியும்வரை ரீசெட்டைத் தள்ளிப்போடுவது நல்லது.

3. அவருடைய சிம் கார்டை விட்டுவிடாதீர்கள்

மின்னஞ்சல், வங்கி, ஆதார், வருமான வரி எல்லாவற்றுக்கும் அந்த எண்ணில்தான் ஓடிபி வரும். பிரீபெய்ட் எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாவிட்டால் துண்டிக்கப்படலாம்; பிறகு அதே எண் வேறொருவருக்குப் போய்விடும். எனவே ரீசார்ஜ் செய்து வையுங்கள். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, எண்ணை வாரிசு பெயருக்கு மாற்றவும் விண்ணப்பியுங்கள்.

4. சார்ஜரைச் சொருகும் முன் பேட்டரியைப் பாருங்கள்

பல மாதம் மூடிக் கிடந்த லேப்டாப்பின் பேட்டரி உப்பியிருக்கலாம். மேசையில் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா, மூடி சரியாகப் பொருந்தவில்லையா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சார்ஜ் போடாமல் சர்வீஸ் கடையில் பேட்டரியை மாற்றுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

5. பாஸ்வேர்டை வீட்டிலேயே தேடுங்கள்

டைரியின் கடைசிப் பக்கம், பாஸ்புக் உறை, போன் நம்பர் எழுதும் நோட்டு, காலண்டரின் பின்பக்கம், பீரோ கதவின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். திரையில் கேட்பது பின் எண்ணா, பாஸ்வேர்டா என்றும் கவனியுங்கள்; இரண்டும் வெவ்வேறு. மனம்போன போக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் கணக்கு சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இறந்தவரின் கணக்கைக் குடும்பத்தினருக்கு எளிதில் திறந்துவிடாது. நீதிமன்ற உத்தரவு கேட்கும். அதனால் இந்தத் தேடலைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

6. "உடைத்துத் தருகிறேன்" என்றால் யோசியுங்கள்

சில கடைகளில் விண்டோஸ் பாஸ்வேர்டை அழித்துத் தருவார்கள். படங்களையும் வேர்டு ஃபைல்களையும் அப்படித் திறந்துவிடலாம். ஆனால் பழைய பாஸ்வேர்டு தெரியாமல் அதை வலிந்து மாற்றினால், பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளைப் படிக்க முடியாமல் போகக்கூடும். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், "முதலில் டிஸ்க்கை அப்படியே நகல் எடுங்கள், எதையும் அழிக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். முடிந்தால் கூடவே உட்கார்ந்திருங்கள்.

7. பிட்லாக்கர் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள்

புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். நீலத் திரையில் 'பிட்லாக்கர் ரெக்கவரி' என்று வந்து 48 இலக்க எண் கேட்டால் அதுதான் காரணம். அந்த எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். அச்சிட்டு ஃபைலிலோ பென் டிரைவிலோ வைத்திருக்கலாம். எண் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. லேப்டாப் திறக்கிறது என்றால், முதல் வேலையாக அந்த எண்ணை எழுதி வைத்துவிடுங்கள்.

8. முழு யூசர் ஃபோல்டரையும் நகல் எடுங்கள்

டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்தால் போதாது. சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் அவர் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டவுன்லோட்ஸில்தான் பாலிசிப் பத்திரமும் வங்கி அறிக்கையும் கிடக்கும். டி, ஈ டிரைவ்களையும் திறந்து பாருங்கள். பழைய அவுட்லுக் பயன்படுத்தியவர் என்றால், 'பிஎஸ்டி' என்று முடியும் ஃபைலில் பல வருட மின்னஞ்சல்கள் இருக்கும்.

ஒன்டிரைவ் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. ஃபைலின் பக்கத்தில் மேகப் படம் தெரிந்தால் அது டிஸ்க்கில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல்கள் இறங்கும்; அதன் பிறகு நகலெடுங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரில் எதையாவது அழித்தால் இணையத்திலும் அது அழிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

9. தமிழ் எழுத்துருக்களைக் காப்பாற்றுங்கள்

இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் கணினியில் தமிழ் தட்டச்சு செய்தவர்கள் பாமினி, வானவில், டாம், டாப் போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். டாம், டாப் குறியீடுகள் 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தவை. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன்னும் பின்னும் எழுதிய கடிதம், கவிதை, குலவரலாறு, கோயில் கணக்கு எல்லாம் அந்த எழுத்துருக்களில் இருக்கலாம்.

அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று அதை அழித்துவிடாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். முக்கியமானவற்றை அதே லேப்டாப்பில் திறந்து பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளால் பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

10. பணம் சம்பந்தமான தாள்களைத் தனி ஃபோல்டரில் சேருங்கள்

பிடிஎஃப் ஃபைல்களை எல்லாம் ஒரே இடத்தில் தேடிச் சேருங்கள். பூட்டியிருந்தால் மலைக்க வேண்டாம். இ-ஆதாருக்குப் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. வருமான வரித் துறையின் ஏஐஎஸ் அறிக்கைக்குப் பான் எண் சிறிய எழுத்தில், அதோடு பிறந்த நாள், மாதம், ஆண்டு. என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கைக்குப் பான் எண். இந்தக் கடைசி அறிக்கை ஒன்று கிடைத்தாலே, அவருடைய டீமேட் பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

11. அவர் பெயரில் பரிவர்த்தனை செய்யாதீர்கள்

நெட்பேங்கிங் பாஸ்வேர்டு கிடைத்தாலும் பணத்தை மாற்றாதீர்கள். அவசரச் செலவுக்கு என்றாலும் பின்னால் சட்டச் சிக்கலும் குடும்பச் சண்டையும் வரும். நாமினியாகவோ வாரிசாகவோ வங்கிக்குப் போய் உரிமை கோருவதே முறை. வருமான வரிக்கும் வழி இருக்கிறது: இறந்த நாள்வரையுள்ள வருமானத்துக்கு, இ-ஃபைலிங் தளத்தில் சட்டபூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொண்டவர் கணக்குத் தாக்கல் செய்யலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால் அதையும் பயன்படுத்தக் கூடாது. எடுத்துப் பூட்டி வையுங்கள்.

12. தொழில் மென்பொருளைக் கணக்காளரிடம் காட்டுங்கள்

கடையோ கம்பெனியோ நடத்தியவர் என்றால் டேலி டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்து பேக்கப் எடுங்கள். லைசென்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில்களும் சரக்குக் கணக்கும் தணிக்கைக்கு வேண்டும் என்பதால், கணக்காளர் "சரி" சொன்ன பிறகே அடுத்த வேலை.

13. நகலைத் திறந்து பார்த்து, இரண்டாவது நகலும் எடுங்கள்

வேறொரு கணினியில் மாட்டி, படங்கள், வீடியோ, பிடிஎஃப், எக்செல் என்று வகைக்குச் சிலவற்றைத் திறந்து பாருங்கள். இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் இருக்கட்டும். அவை இரண்டு வீடுகளில் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

14. இப்போது ரீசெட்

சார்ஜரைச் சொருகி வையுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'ரீசெட் திஸ் பிசி' அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெக்கவரி. வேறொருவருக்குக் கொடுப்பதென்றால் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் அவருடைய ஃபைல்கள் அப்படியே இருக்கும். அடுத்து 'சேஞ்ச் செட்டிங்ஸ்' போய் 'க்ளீன் டேட்டா' என்பதை இயக்குங்கள். அப்போதுதான் அழித்ததை மீட்பது கடினமாகும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள். 'க்ளவுட் டவுன்லோட்' கொடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும். போனிலிருந்து இணையம் எடுப்பவர்கள் 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' கொடுக்கலாம்.

பாஸ்வேர்டு கிடைக்கவே இல்லையென்றால், உள்நுழையும் திரையில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'ட்ரபிள்ஷூட்' வழியாக ரீசெட்டுக்குப் போகலாம். அதுவும் முடியாவிட்டால், மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸைத் தயார் செய்து புதிதாக நிறுவலாம். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு இணைந்திருப்பதால், பொதுவாக மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

15. மேக்புக் என்றால் வேறு வழி

டி2 சிப் உள்ள மேக், எம் வரிசை மேக் இரண்டிலும் 'ஆக்டிவேஷன் லாக்' உண்டு. அழித்த பிறகும் பழைய ஆப்பிள் ஐடியைக் கேட்கும். ஆப்பிளிடம் இறப்புச் சான்றிதழுடன் விண்ணப்பித்து இந்தப் பூட்டை நீக்கக் கேட்கலாம். அவர் உயிரோடு இருந்தபோது உங்களை 'லெகசி கான்டாக்ட்' ஆக வைத்து, அணுகல் சாவியும் கொடுத்திருந்தால் ஐகிளவுட் படங்களையும் பெறலாம். பாஸ்வேர்டு கையில் இருந்தால், மான்டரே அல்லது அதற்குப் பின் வந்த மேக் ஓஎஸ்ஸில் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' ஒன்றே போதும்.

16. புதியவர் கைக்குப் போன பிறகும், உங்கள் லேப்டாப்பிலும்

புதியவர் தன் சொந்தக் கணக்கில் தொடங்கட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லேப்டாப் ஏற்குமானால் 11-க்கு மாற்றுங்கள். மறைந்தவருடைய கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளைத் தொடர்ந்து 2 ஆண்டு பயன்படுத்தாவிட்டால் அந்த நிறுவனங்கள் நீக்கிவிடலாம் என்பதால், அங்கே இருக்கும் படங்களைப் பெற வேண்டிய முயற்சிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த அலைச்சல் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற வசதியில் 10 பேர்வரை நம்பிக்கையானவர்களைக் குறிக்கலாம். 3 முதல் 18 மாதம்வரை நீங்கள் குறித்த காலத்துக்குக் கணக்கு அசையாமல் இருந்தால் அவர்களுக்குத் தகவல் போகும். லேப்டாப் பாஸ்வேர்டு, பிட்லாக்கர் எண், மின்னஞ்சல் முகவரி, முக்கிய ஃபைல்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டுங்கள். அதை வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள்.