கச்சான் காற்றும் கத்தாளை மீனும்

அன்புள்ள மகள்,

உயிரியலும் பௌதிகவியலும் படிக்கப் படிக்க வியப்பு குறைகிறது என்று எழுதியிருந்தாய். வானமும் கடலும் தேவனுடைய மகிமையைக் காட்டுகின்றன என்று ஞாயிறு பாடசாலையில் கற்றதை, எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்த பிறகு எப்படி நம்புவது என்பது உன் கேள்வி. காரணம் தெரியாத இடங்களில் மட்டும் கடவுளைத் தேடுகிறவர்கள், பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் கூடும்போதெல்லாம் அவரை ஓர் அடி பின்னுக்குத் தள்ள வேண்டிவரும். வேதாகமம் அப்படித் தேடச் சொல்லவில்லை.

கல்முனையில் இப்போது கச்சான் காற்று வீசும் காலம். பகலில் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. உடுப்புக் காயப் போட்டால் கொடியிலேயே மொறுமொறுத்துப் போகும். இந்தக் காற்றின் கதை மழையில் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தை அள்ளி வந்து மத்திய மலைநாட்டில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தை மழையாகக் கொட்டுகிறது. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இதனால்தான். நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுகிறது. பிறகு அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்குகிறது. ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. ஏறும்போது இழந்த சூட்டைவிட இறங்கும்போது பெறும் சூடு அதிகம். தேயிலைத் தோட்டக்காரர் குடை பிடிக்கும் அதே நாளில் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வயல் வட்டைகள் காய்வது இப்படித்தான்.

இதை அறிந்தபின் கச்சான் சிறுத்துவிட்டதா? ஒரே காற்றில் மழையையும் நெருப்பையும் வைத்திருக்கும் ஒழுங்கு, வெறும் உஷ்ணம் என்று சலித்துக்கொண்டபோது கண்ணில் படவேயில்லை. லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில், தெற்கிலிருந்து காற்று வீசினால் வெப்பம் வரும் என்று சரியாகக் கணிக்கத் தெரிந்த மக்களோடு இயேசு பேசுகிறார். அவர்களுடைய கணிப்பை அவர் பழிக்கவில்லை. காற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் தாங்கள் வாழும் காலத்தைப் படிக்காமல் விட்டதே அவருடைய வருத்தம்.

காரணம் தேடிய விசுவாசிகள் நம் கரைக்குத் தூரமானவர்களும் அல்லர். தரங்கம்பாடியில் இயங்கிய லுத்தரன் மிஷனுக்கு 1768இல் வைத்தியராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். கறிவேப்பிலைக்கு 1771இல் பெயரிட்ட லின்னேயஸ், அதில் இந்த மாணவரின் பெயரையும் சேர்த்தார். உன் அம்மா பருப்பில் தாளித்துப் போடும் இலையின் விஞ்ஞானப் பெயரில் ஒரு மிஷன் வைத்தியர் இருக்கிறார்.

அதே ஊரில் 1813இல் இறக்கும்வரை போதகராக இருந்தவர் கிறிஸ்தோப் சாமுவேல் யோன். பாடசாலைகளை நடத்திக்கொண்டே மீன்களைத் திரட்டி, பெர்லினிலிருந்த மீனியலாளர் புளொக்குக்கு அனுப்பிவந்தார். கத்தாளை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு புளொக் இட்ட 'யோனியஸ்' என்ற பெயர் இந்தப் போதகருடையது. கத்தாளை சத்தம் போடும் மீன். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து அது கத்துகிறது.

சத்தம் என்றதும் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்கள் உனக்கு நினைவு வரும். நிலவு இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் அந்த ஒலியைக் கேட்க பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 19ஆம் நூற்றாண்டிலேயே படகேறினார். மீனவர்கள் அது ஊரி என்ற நீர்நத்தையின் சத்தம் என்றார்கள். மீனுடையது என்றவர்களும் உண்டு. கடந்த நூற்றாண்டில் மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு லாங், அந்த ஒலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதை நாட்டுக்கே ஒலிபரப்பியது. கேட்டதைப் பொறுமையாகப் பிடித்து மற்றவர் காதுக்கும் எட்டச் செய்த அந்த உழைப்பை நான் துதி என்றே சொல்வேன். வாவியின் பாலத்தில் நின்று அழகு என்று சொல்லிவிட்டுப் போவது அதற்கு நிகராகாது.

ஆனால் கல்முனைப் பிள்ளைக்குக் கடலைப் பற்றி எழுதுகிறவர் 2004 டிசம்பர் 26ஐத் தாண்டிப் போகக் கூடாது. நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு நழுவி, அலை ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடிவந்து, மருதமுனையையும் பாண்டிருப்பையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் அடித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை பேரை இழக்கவில்லை.

அதைத் தண்டனை என்று சொன்னவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள். கிறிஸ்தவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற பேச்சை இயேசு மறுத்தார். பிள்ளைகளை ஒரே நாளில் இழந்த யோபுவிடம் தேவன் பேசும் அதிகாரங்களில், ஏன் என்பதற்கு விளக்கமே இல்லை. கடலுக்கு இட்ட எல்லையும், மனிதர் குடியிராத வனாந்தரத்தில் பெய்யும் மழையும், மலையில் குட்டி ஈனும் ஆடும், தெற்கே பறக்கும் பருந்தும் அங்கே பேசப்படுகின்றன. கடலுக்கு எல்லை உண்டென்ற அந்தப் பகுதியை, வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று எண்ணாமல் உனக்கு அதை விளக்க என்னால் முடியாது. படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதியதையும் சேர்த்துத்தான் நான் அதை வாசிக்கிறேன். மகிமையைச் சொல்லும் படைப்பும், வேதனையில் தவிக்கும் படைப்பும் ஒன்றே.

உன் தோழிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். குர்ஆனில் தேனீயின் பெயரிலும் எறும்பின் பெயரிலும் அத்தியாயங்கள் உண்டு. படைப்பைப் பார்த்துச் சிந்திக்கச் சொல்லும் பேச்சு அவர்கள் வீட்டிலும் உண்டு. நம் விசுவாசத்துக்கும் அவர்கள் விசுவாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்க வேண்டாம். ஆனால் இந்தப் பொருளில் அவர்களோடு தாராளமாகக் கதைக்கலாம்.

உயர்தரப் பரீட்சைக்கு இடையில் ஒரு சிறு வேலை செய். கச்சான் எத்தனை மணிக்கு ஓய்கிறது, கடற்காற்று எப்போது எழுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவை. உன் தோழியின் வாப்பா கரைவலைக்குப் போகிறவர் என்றாயே, வலை இழுக்கும் நாளில் அவரிடம் போய் நீரோட்டம் மாறுவதை எதைக் கொண்டு அறிகிறார் என்று கேள். கத்தாளை உயிரோடு அகப்பட்டால் காதருகே பிடித்துப் பார். அதற்கு அவர் சொல்லும் பெயர் வேறாகவும் இருக்கலாம். அதையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா